95 சதவீதம் யாருக்குச் சொந்தம்?

கேட்டவர் கடலூரில் புள்ளியியல் படிக்கும் மாணவர். பண்ருட்டியில் இறங்கிய ஒரு லோடு முந்திரிக் கொட்டையில் 16 மூட்டைகளைப் பிரித்து, மூட்டைக்கு ஒரு கிலோ வீதம் எடுத்து உடைத்து, பருப்பை எடை போட்டிருக்கிறார். சராசரி கிலோவுக்கு 262 கிராம், மூட்டைக்கு மூட்டை எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் 20 கிராம். அதிலிருந்து 251.3 முதல் 272.7 வரை என்று 95 சதவீத நம்பிக்கை இடைவெளி கண்டுபிடித்து, “லோடின் உண்மைச் சராசரி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்க 95 சதவீத வாய்ப்பு” என்று ப்ராஜெக்ட்டில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டாராம். “கணக்கு சரி, வாக்கியம் தப்பு என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?” என்பது கேள்வி. அவர் கேட்பது வாக்கியத்தைப் பற்றி என்றாலும், அடியில் இருக்கும் கேள்வி வேறு: அந்த 95 எதன் குணம்? கையில் இருக்கும் 251.3, 272.7 என்ற இரண்டு எண்களின் குணமா, அவற்றைக் கண்டுபிடித்த முறையின் குணமா?

முறையின் குணம்தான். ஆசிரியர் அடித்தது சரி. ஆனால் அது ஏன் வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு, வேலைக்குப் போனதும் எல்லாரும் பழைய வாக்கியத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். திட்ட விலக்கம் 20. 16-இன் வர்க்கமூலம் 4. வகுத்தால் 5 கிராம். இதுதான் திட்டப் பிழை, அதாவது சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு. 16 அளவுகளிலிருந்து ஒன்றைக் கழித்து, அளவுகள் கொஞ்சமாக இருக்கும்போது பார்க்கும் டி அட்டவணையில் 15-க்கு நேராக 95 சதவீதத்துக்குப் பார்த்தால் 2.131. ஐந்தால் பெருக்கினால் 10.7 (துல்லியமாக 10.66). 262-இல் கூட்டினால் 272.7, கழித்தால் 251.3. பலரும் பழக்கதோஷத்தில் 1.96 போட்டுவிடுவார்கள், அப்போது 9.8 வரும், இடைவெளி கொஞ்சம் குறுகிப்போகும். 1.96 என்பது திட்ட விலக்கம் முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருந்தால் செல்லும் எண். இங்கே அதையும் அதே 16 மூட்டைகளிலிருந்துதான் ஊகிக்கிறோம். அந்த ஊகத்தில் இருக்கும் தடுமாற்றத்துக்கான விலைதான் கூடுதல் அகலம். இதை 1908-இல் எழுதியவர் டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதியதால் இன்றும் அது ஸ்டூடண்டின் டி. அவருக்கும் பிரச்சினை இதேதான்: கையில் இருப்பது கொஞ்சம் அளவுகள், முடிவு எடுக்க வேண்டியது முழுச் சரக்குக்கு.

இப்போது 95-க்கு வருவோம். லோடில் 240 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையையும் உடைத்துப் பார்த்தால் வரும் சராசரி, சும்மா ஒரு பேச்சுக்கு, 260 கிராம். இது நமக்குத் தெரியாத, ஆனால் அசையாமல் நிற்கும் ஓர் எண். நூறு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒவ்வொருவரும் சீட்டுக் குலுக்கி வேறு வேறு 16 மூட்டைகளைத் தேர்ந்தெடுத்து உங்கள் கணக்கையே போடுகிறார்கள். ஒருவருக்கு 249 முதல் 268, இன்னொருவருக்கு 255 முதல் 279, வேறொருவருக்கு 262 முதல் 284. மூன்றாமவர் தவறவிட்டார், 260 அவருடைய இடைவெளிக்குள் இல்லை. அவர் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அவர் கைக்கு வந்த மூட்டைகள் கொஞ்சம் நல்ல மூட்டைகளாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான். இப்படி நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேர் தவறவிடுவார்கள். 95 என்பது இந்த வரிசை முழுவதையும் பற்றிய பேச்சு. நீங்கள் அந்த நூறில் ஒருவர். தொண்ணூற்றைந்தில் ஒருவரா, ஐந்தில் ஒருவரா என்பது உங்கள் தாளைப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. மூட்டையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வாய்ப்பு என்ற சொல்லுக்கு இடம் இருந்தது. எண் வந்த பிறகு 260 உள்ளே இருக்கிறது அல்லது இல்லை.

கடற்கரை ஊர்களில் இதற்கு வலை உவமை சொல்வார்கள்: மீன் நின்ற இடத்தில் நிற்கிறது, வலைதான் ஒவ்வொரு வீச்சுக்கும் வேறு இடத்தில் விழுகிறது என்று. நல்ல உவமைதான், ஒரு குறையோடு. வலையை இழுத்தால் மீன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த வலையை இழுக்க முடியாது.

“எனக்கு மேல்விவரம் எதுவும் தெரியாதபோது 95 சதவீத வாய்ப்பு என்று சொன்னால்தான் என்ன குறைந்துவிடும்?” என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் முந்திரிக் கணக்கில் பெரிதாக எதுவும் குறையாது. ஆனால் பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதைப் பார்த்தால் சந்தேகம் தீரும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் ஒரு பேருந்துக்கு ரெட்டிச்சாவடியில் நிற்கிறீர்கள். அதன் அட்டவணை நேரம் உங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னே தொடங்கிப் பத்து நிமிடம் பின்னே வரை, எந்த நொடியிலும் சம வாய்ப்போடு வரும் என்பது மட்டும் தெரியும். இரண்டு நாள் பார்த்து, வந்த இரண்டு நேரங்களையும் குறித்துக்கொள்கிறீர்கள். அட்டவணை நேரம் அந்த இரண்டுக்கும் நடுவில் என்று அறிவிப்பதுதான் உங்கள் முறை. ஒரு நாள் முன்னே வந்து மறுநாள் பின்னே வந்தால் சொன்னது பலிக்கும்; இரண்டு நாளும் ஒரே பக்கம் விழுந்தால் பலிக்காது. நாணயத்தை இரண்டு முறை சுண்டுவது போல, பாதிக்குப் பாதி. ஆக இது அப்பழுக்கில்லாத 50 சதவீத நம்பிக்கை இடைவெளி.

இப்போது உண்மையில் கிடைத்த நேரங்கள் 8.02, 8.15 என்று வையுங்கள். நடுவில் 13 நிமிடம். முதல் நாள் கணக்குப்படி அட்டவணை நேரம் 8.12-க்கு மேல் போக முடியாது. இரண்டாம் நாள் கணக்குப்படி 8.05-க்குக் கீழே வர முடியாது. எனவே அது 8.02-க்கும் 8.15-க்கும் நடுவில் இருப்பது நூற்றுக்கு நூறு உறுதி. இதைப் போய் 50 சதவீதம் என்பீர்களா? மாறாக 8.07, 8.08 என்று வந்திருந்தால்? அட்டவணை நேரம் 7.58 முதல் 8.17 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் உங்கள் இடைவெளி ஒரே ஒரு நிமிடம். அதற்கு 50 சதவீத வாய்ப்பு என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். முறை ஒன்றுதான், அதன் 50-ம் பொய் இல்லை. ஆனால் கையில் வந்து விழுந்த குறிப்பிட்ட இடைவெளியோடு அந்த 50-ஐ ஒட்ட முடியவில்லை. உங்கள் ஆசிரியர் அடித்த வரியில் இருக்கும் கோளாறு இதுதான்.

இது உறுதியான பகுதி. இதற்கு அப்பால் அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. நம்பிக்கை இடைவெளியை இந்தப் பெயரோடு முன்வைத்தவர் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன். 1934-இல் லண்டன் ராயல் புள்ளியியல் சங்கத்தில் வாசித்த கட்டுரையில் வந்தது, 1937-இல் முழுக் கோட்பாடாக எழுதினார். 1934 கூட்டத்திலேயே ஆர்தர் பவுலி, இது நம்பிக்கையா, நம்பவைத்து ஏமாற்றும் தந்திரமா என்று கிண்டலாகக் கேட்டார். “உண்மைச் சராசரி இதற்குள் இருக்க இவ்வளவு வாய்ப்பு” என்றே சொல்லியாக வேண்டும் என்றால் அதற்கு பேயஸ் வழி இருக்கிறது. தரவைப் பார்ப்பதற்கு முன் சராசரி எங்கெங்கே இருக்கக்கூடும் என்று உங்களுக்கு இருந்த எண்ணத்தையும் ஒரு பரவலாக எழுதி, தரவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். முன் எண்ணம் எதுவும் இல்லை என்பதற்கு வழக்கமாக வைக்கும் சமமான பரவலை வைத்தால், உங்கள் முந்திரிக்கு அதே 251.3, 272.7 வரும். அதனால்தான் தப்பான வாக்கியம் பல இடங்களில் தண்டனை இல்லாமல் தப்பித்துக்கொள்கிறது. எந்த வழி மேல் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒரு வழியில் கணக்குப் போட்டுவிட்டு இன்னொரு வழியின் வாக்கியத்தை எழுதக் கூடாது என்பதில் மட்டும் உண்டு.

இந்தப் பிழையைவிடக் காசு அதிகம் கரைக்கும் பிழை ஒன்று இருக்கிறது. “95 சதவீத மூட்டைகள் 251-க்கும் 273-க்கும் நடுவில்” என்று படிப்பது. கிடையவே கிடையாது. இடைவெளி சொல்வது லோடின் சராசரியை, மூட்டைகளை அல்ல. மூட்டைக்கு மூட்டை 20 கிராம் விலகும் சரக்கில், லோடிலிருந்து இன்னும் ஒரே ஒரு மூட்டையை எடுத்தால் என்ன வரும் என்பதற்குத் தனிக் கணக்கு: 20-ஐ, 1 கூட்டல் பதினாறில் ஒன்று என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, பிறகு 2.131-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 44. அதாவது 218 முதல் 306 வரை. லோடு முழுவதும் வாங்குபவருக்கு முதல் இடைவெளி; நாலு மூட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகும் சின்ன வியாபாரிக்கு இரண்டாவதை ஒட்டிய எச்சரிக்கை. மேலும் மூட்டைகளைக் கூட்டினால் முதலாவது சுருங்கிக்கொண்டே போகும். இரண்டாவது ஓர் அளவுக்குமேல் சுருங்காது, ஏனென்றால் சரக்கின் மேடுபள்ளம் நீங்கள் அளப்பதால் தீராது.

வியாபாரப் பேச்சில் 10.7 கிராம் என்பது எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். வைவாவில் இது உதவும். கொட்டை வியாபாரத்தில் 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு என்றுதான் பேசுவார்கள். கிலோவுக்கு 262 கிராம் என்றால் 80 கிலோவுக்கு 20.96 கிலோ, அதாவது சுமார் 46 பவுண்டு. உங்கள் இடைவெளி ஏறக்குறைய 44-லிருந்து 48 பவுண்டு வரை. ஒரு பவுண்டுக்கு விலை பேசும் தொழிலில் இது அகலம். பாதியாகக் குறைக்க எண்ணிக்கையை இரட்டித்தால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும், ஏனென்றால் வகுப்பது வர்க்கமூலத்தால். ஐந்து கிராம் இப்படி அப்படி என்று வேண்டுமானால் 1.96-ஐ 20-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 62 மூட்டை. டி அட்டவணைக்காக இரண்டு கூட்டி 64 என்று திட்டமிடலாம். 240 மூட்டையில் 16 எடுத்திருப்பதால் முழுத்தொகுதி சிறியது என்பதற்கான திருத்தம் ஒன்று உண்டு, 10.7 அதனால் 10.3 ஆகும். இந்த அளவில் விட்டுவிட்டாலும் பாதகமில்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் நான் முதலில் பார்க்கும் இடம். அந்த 16 மூட்டைகள் எப்படி வந்தன? லாரியின் பின்கதவைத் திறந்ததும் கைக்கெட்டிய 16 மூட்டைகள் என்றால், மேலே சொன்ன 95 எங்கும் ஒட்டாது. நூறு மாணவர்களும் அதே பின்கதவு மூட்டைகளைத்தான் எடுப்பார்கள். நூறு பேரும் ஒன்றாகத் தவறவிடலாம். இறக்கும்போதே மூட்டைகளுக்கு வரிசை எண் வைத்துக்கொண்டு, 1 முதல் 15 வரை ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து பதினைந்துக்கு ஒன்று என்று போனால் 240-இல் சரியாக 16 வரும். எடுத்த மூட்டையிலும் வாய்ப்பக்கம் ஒரு கை அள்ளாமல் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து ஒரு கிலோ நிறுக்க வேண்டும். சின்னக் கொட்டையும் தூசும் அடியில் சேரும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று ப்ராஜெக்ட்டுகளில் அடிக்கடி வரும். நான்கு மூட்டைகளை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு கிலோவைத் தனித்தனியாக உடைத்து, 16 அளவுகள் என்று எழுதுவது. எண்ணிக்கையில் 16, விஷயத்தில் 4. ஒரே மூட்டைக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒரே தோப்பு, ஒரே காயவைப்பு. ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். மூட்டைச் சராசரிகள் 240, 256, 270, 282 என்று வந்ததாக வையுங்கள். சராசரி அதே 262. ஆனால் இந்த நான்கு எண்களின் திட்ட விலக்கம் 18.1, இரண்டால் வகுத்தால் திட்டப் பிழை 9.06. அட்டவணையில் 3-க்கு நேராக 3.182. பெருக்கினால் 28.8. இடைவெளி 233 முதல் 291 வரை விரிந்துவிடுகிறது. பதினாறு என்று நினைத்துப் போட்ட குறுகிய இடைவெளி அழகாக இருக்கும், ஆனால் அது 95 சதவீதம் பிடிக்காது. உங்களுடையது மூட்டைக்கு ஒரு கிலோ என்று எழுதியிருப்பதால் இந்தக் குற்றச்சாட்டு உங்களுக்கு இல்லை.

இந்த இடைவெளியால் பார்க்கவே முடியாதவையும் உண்டு. புள்ளி விழுந்த பருப்பை முழுதாகச் சேர்த்தீர்களா, கட்டிங் பார்ப்பவர்கள், அதாவது கொட்டையை வெட்டித் தரம் பார்ப்பவர்கள், செய்வதுபோல அதன் எடையில் பாதியைச் சேர்த்தீர்களா? தராசு இரண்டு கிராம் கூடக் காட்டியதா? கொட்டை சரியாகக் காய்ந்திருந்ததா, ஈரத்தோடு நிறுத்ததா? இவை எல்லா மூட்டையையும் ஒரே திசையில் தள்ளும் பிழைகள். திட்ட விலக்கத்தில் இவற்றின் நிழல்கூட விழாது. 16-ஐ 1,600 ஆக்கினால், தப்பான எண்ணைச் சுற்றி மிகக் குறுகிய இடைவெளி கிடைக்கும், அவ்வளவுதான் பலன். அதேபோல இரண்டு மூட்டை மட்டும் சொத்தையாக 190, 200 என்று வந்து மற்றவை 270-ஐ ஒட்டி நின்றால், 16 அளவுக்கு டி முறையின் 95 கொஞ்சம் தள்ளாடும். எண்களை ஒரு கோட்டில் புள்ளியாக வைத்துப் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். அந்த இரண்டையும் ‘விதிவிலக்கு’ என்று தூக்கி எறிவது மருந்தல்ல; சொத்தை மூட்டையும் லோடில்தான் வருகிறது, அதற்கும் காசு கொடுத்தாயிற்று.

சொத்தைக் கொட்டையின் விகிதத்துக்கு இடைவெளி போடும்போது சூத்திரம் மாறும். 200 கொட்டையில் 14 சொத்தை என்றால் 7 சதவீதம். புத்தகச் சூத்திரப்படி 0.07-ஐ 0.93-ஆல் பெருக்கி, 200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.018, இடைவெளி 3.5 முதல் 10.5 சதவீதம். எட்வின் வில்சன் 1927-இல் கொடுத்த சூத்திரப்படி 4.2 முதல் 11.4 வரை. விகிதம் சிறியதாக இருக்கும்போது வில்சன் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 கொட்டை உடைத்து ஒன்றுகூடச் சொத்தை இல்லை என்றால் புத்தகச் சூத்திரம் பூஜ்யம் முதல் பூஜ்யம் வரை என்று சிரிப்பு மூட்டும். அங்கே 3-ஐ 60-ஆல் வகுங்கள்: லோடில் 5 சதவீதம் வரை சொத்தை இருக்கக்கூடும் என்பதே மேல் எல்லை. காரணம் எளிது. உண்மையில் 5 சதவீதம் சொத்தையாக இருந்தாலும் 60-ம் நல்லதாக வர 0.95-ஐ அறுபது முறை பெருக்கினால் வரும் 4.6 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

இரண்டு லோடுகளை ஒப்பிடும் பகுதியும் ப்ராஜெக்ட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது லோடிலும் 16 மூட்டை, சராசரி 278, திட்டப் பிழை அதே 5; இடைவெளி 267.3 முதல் 288.7. முதல் லோடின் மேல் எல்லை 272.7 என்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, ஆகவே வித்தியாசம் இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். அந்த முடிவு தவறு. ஒப்பிடும்போது வித்தியாசத்துக்கே இடைவெளி போட வேண்டும். வித்தியாசம் 16. திட்டப் பிழை 5-இன் வர்க்கமும் 5-இன் வர்க்கமும் சேர்ந்த 50-இன் வர்க்கமூலம், 7.07. அட்டவணையில் 30-க்கு (லோடுக்கு 15 வீதம்) 2.042, பெருக்கினால் 14.4. இடைவெளி 1.6 முதல் 30.4 வரை, பூஜ்யம் வெளியே நிற்கிறது. இடைவெளிகள் ஏறாமல் விலகி நின்றால் வித்தியாசம் உண்டு என்று சொல்லிவிடலாம். ஏறினால் எதுவும் சொல்ல முடியாது, கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் 1.6 என்ற கீழ் எல்லையையும் மறைக்காமல் எழுதுங்கள். வித்தியாசம் இருக்கிறது என்றாலும் அது காசுக்குப் பெறாத அளவாகவும் இருக்கலாம் என்கிறது அது.

எக்செல்லில் திரும்பச் செய்து பார்ப்பதானால் இரண்டு இடத்தில் கவனம். திட்ட விலக்கத்துக்கு எஸ் என்று முடியும் சார்பை எடுங்கள். பி என்று முடிவது 15-க்குப் பதில் 16-ஆல் வகுத்து 20-ஐ 19.4 ஆக்கிவிடும். நம்பிக்கைக்கான சார்பில் டி என்று முடிவதை எடுத்து, முதல் கட்டத்தில் 0.05 போடுங்கள். 0.95 என்று போட்டால் 10.7-க்குப் பதில் 0.3 கிராம் என்று வரும். அதைத் துல்லியம் என்று நினைத்து மகிழ்ந்தவர்கள் உண்டு. அடிபட்ட வரிக்குப் பதிலாக இதை எழுதுங்கள்: “வரிசைமுறையில் சமவாய்ப்புத் தொடக்கத்துடன் தேர்ந்தெடுத்த 16 மூட்டைகளின் அடிப்படையில், இந்த லோடின் சராசரிப் பருப்பு விளைச்சலுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி கிலோவுக்கு 251.3 முதல் 272.7 கிராம்; இம்முறையில் காணும் இடைவெளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 உண்மைச் சராசரியை உள்ளடக்கும்.” மூட்டைகளை நீங்கள் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் முதல் நான்கு சொற்களுக்குப் பதில் உண்மையில் எப்படி எடுத்தீர்களோ அதை எழுதிவிட்டு, அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும் பாதியை எடுத்துவிடுங்கள்.